பாதிப் படம் நல்லாருக்கு

நாயுடுபுரம், கொடைக்கானல்
18.2.2025

அன்புள்ள கேத்திக்கு,

அண்ணன் எழுதுறேன். நானும் அம்மாவும் சுகமா இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்ப தேவலை, வெள்ளனே எந்திரிச்சு ஸ்கூல் சமையலுக்குப் போயிடுது. உனக்கு அந்தத் தஞ்சாவூர் வெக்கை எப்படி இருக்கு? மூக்குல ரத்தம் வந்துச்சுன்னு எழுதியிருந்தே. நிறையத் தண்ணி குடி.

சிஸ்டர் ஆகப் பயிற்சிக்குப் போன பிள்ளைகளுக்கு மடத்துல போன் கிடையாது, மாசம் ஒரு கடுதாசிதான்னு சொன்னப்ப, என்னத்தை எழுதன்னு முழிச்சேன். இந்த மாசம் விஷயம் இருக்கு. ஒரு படம் பார்த்தேன். முந்தின வருஷம் நம்ம ஊர்ல ஷூட்டிங் நடந்துச்சே, என் ஜீப்புல லைட்டெல்லாம் ஏத்திக்கிட்டு மன்னவனூர் போனேனே, அந்தப் படம்தான். 'மழைக்கு முந்தின பாட்டு'ன்னு பேரு. பழனிக்கு ஒரு சவாரி. அவங்க மலை ஏறிச் சாமி கும்பிட்டு வர நேரம் ஆகும்னாங்க. தனியாப் போய்த் தியேட்டர்ல உட்கார்ந்துட்டேன்.

கதை இதுதான். மாறன்னு ஒருத்தன், மலை ஊர்ல கல்யாண பேண்டுல டிரம் அடிக்கிறான். மியூசிக் டைரக்டர் ஆகணும். யாழினின்னு ஒரு பிள்ளை, போட்டோ ஸ்டுடியோவுல வேலை. பெரிய மேடையில ஆடணும். ரெண்டு பேரும் பாட்டுப் பாடியே சண்டை போட்டு, பாட்டுப் பாடியே சேர்ந்து, மெட்ராசுக்கு ஒண்ணாப் போறாங்க. அவளுக்கு வெளிநாட்டுக்குப் போய் ஆட சான்ஸ் வருது. அதே வாரம் இவன் அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு சேதி. சொன்னா அவ போகாம நின்னுடுவான்னு, ஒரு வார்த்தை சொல்லாம ஊருக்கு பஸ் ஏறிடுறான். பத்து வருஷம் கழிச்சு அவ பெரிய ஆளா அதே ஊருக்கு வர்றா. இவன் கூட்டத்துல குடை பிடிச்சு நிக்கிறான். அவ பார்க்கிறா, சிரிக்கிறா, கார்ல ஏறிடுறா. அவ்வளவுதான், படம் முடிஞ்சு போச்சு.

பாட்டெல்லாம் அருமை. பஸ் ஸ்டாண்டுல ஐம்பது பேரு குடையோட ஆடுற பாட்டுல என்னை அறியாமக் கால் தாளம் போட்டுச்சு. ஆனா நம்ம ஊர்னு தேயிலைத் தோட்டத்தைக் காட்டுறான். இங்க ஏதுடி அம்புட்டுத் தேயிலை? வட்டக்கானல் பனியில அந்தப் பிள்ளை கையில்லாத ஜாக்கெட்டோட ஆடுது, ஒரு தும்மல்கூட இல்லை. முடிவும் மனசுக்கு ஒட்டலை. ஆகக்கூடி பாதிப் படம் நல்லாருக்கு, பாதி இல்லை.

கடுதாசியை உங்க பயிற்சிக்குப் பொறுப்பா இருக்கிற சிஸ்டர் அடைக்கலமேரி படிச்சிட்டுத்தான் உன்கிட்ட குடுப்பாங்கன்னு தெரியும். சினிமாக் கதை எழுதினதுக்கு உன்னைத் திட்டிற வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லு.

உன் அண்ணன்,
ஸ்டீவன்


நவகன்னியர் இல்லம், தஞ்சாவூர்
9.3.2025

அன்பு அண்ணனுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்கள் இருவரோடும் இருக்கட்டும். மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது. தவக்காலம் தொடங்கியதால் மாலையில் டீ இல்லை. தலைவலி அதனால்தான், வேறொன்றும் இல்லை. அம்மாவை மலைச் சரிவில் குறுக்குப் பாதையில் நடக்க விடாதே.

சிஸ்டர் திட்டவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று நடந்தது. கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் திரும்பி, "கேத்தரின், அந்தப் பையனுடைய அம்மா பிழைத்தாளா, இல்லையா? உன் அண்ணன் அதை எழுதவே இல்லையே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆகவே பதில் எழுது, இருவர் காத்திருக்கிறோம்.

எனக்கும் கேள்விகள் உண்டு. அவன் சொல்லாமல் போனான் என்றாயே, அவள் அவனைத் தேடவே இல்லையா? இத்தனை பாட்டுப் பாடியவள் ஒரு போன் போட மாட்டாளா? உனக்கு முடிவு ஏன் ஒட்டவில்லை? சேரவில்லை என்பதாலா, வேறு எதனாலுமா?

நான் இங்கே தோட்ட வேலையில் இருக்கிறேன். கத்தரி, வெண்டை. நம் ஊர் கேரட்டும் பீன்ஸும் இந்த மண்ணில் வராதாம். போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அன்புத் தங்கை,
கேத்தரின்


நாயுடுபுரம்
2.4.2025

அன்புள்ள கேத்திக்கு,

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. ஜீப்புக்கு மட்டும் கிளட்ச் போச்சு, சரி பண்ணியாச்சு. உன் தலைவலி தீர்ந்துச்சா?

சிஸ்டர் கேட்டதுக்குப் பதில். அந்த அம்மா பிழைச்சாளா செத்தாளான்னு படத்துல சொல்லவே இல்லை. மகன் வந்து கட்டில் பக்கத்துல உட்கார்றான், அது அவன் தலையைத் தடவுது. அடுத்த பாட்டுல பத்து வருஷம் ஓடிருது.

அந்தப் பிள்ளை தேடுறா. ரூமுக்கு வந்து பார்க்கிறா, டிரம் குச்சி மட்டும் கெடக்கு. அழுதுக்கிட்டே ஏர்போர்ட்டுக்குப் போறா. அந்த எடத்துல தியேட்டர்ல பாதிப் பேரு மூக்கை உறிஞ்சுறாங்க. என் பக்கத்துல இருந்தவ மட்டும், "கிறுக்கன். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்"னு சத்தமாவே சொன்னா. முன் சீட்டுல எல்லாம் திரும்பிப் பார்த்துட்டாங்க.

முடிவு ஏன் ஒட்டலைன்னு யோசிச்சேன். இந்தப் படத்துல கனவுன்னா ஆட்டம், பாட்டம், கைதட்டு, அது மட்டும்தான். கனவே இல்லாத ஒருத்தன் வர்றான், மாறனோட கூட்டாளி, லாரி ஓட்டுறவன். வாழைப்பழத் தோலு வழுக்கி விழுறதுதான் அவனுக்கு வேலை. எனக்கும்தான் கனவுன்னு ஒண்ணும் இல்லை. காலையில வண்டியைத் துடைச்சு எடுத்தா, பெருமாள்மலை வளைவுல பனி விலகும்போது மனசு நிறைஞ்சு போகுது. அதுக்கு மேல என்ன வேணும்னு தோணுது. என்னை மாதிரி ஆளுக்கு அந்தப் படத்துல வழுக்கி விழுற வேசம்தான் குடுப்பாங்க போல.

உன் கனவையும் எவனும் படம் எடுக்க மாட்டான். வெள்ளைச் சேலை கட்டிக் கத்தரிக்காய்க்குத் தண்ணி ஊத்துறதுக்கு யாரு மியூசிக் போடுவா?

ஈஸ்டருக்கு அம்மா உனக்குப் பலகாரம் அனுப்பலாமான்னு கேக்கச் சொல்லுச்சு.

ஸ்டீவன்


நவகன்னியர் இல்லம், தஞ்சாவூர்
27.4.2025

அன்பு அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் வாழ்த்துகள். நான் நலம். பலகாரம் வந்தது. பொதுவில் வைத்துப் பகிர்ந்தோம். எனக்கு இரண்டு அதிரசம் கிடைத்தது. அம்மாவின் கை மணம் அப்படியே இருந்தது, அன்று மாலை ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். முதல் கடிதத்தில் "தனியாப் போய்" படம் பார்த்ததாக எழுதினாய். இரண்டாவதில் "பக்கத்துல இருந்தவ சொன்னா" என்கிறாய். "இருந்தவர்" இல்லை, "இருந்தவன்" இல்லை. இருந்தவ! நான் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட முடியாது. சிஸ்டர் அந்த வார்த்தையின் கீழே பென்சிலால் கோடு போட்டே கொடுத்தார்.

யார் என்று கேட்க மாட்டேன். ஆனால் அவள் சொன்னது சரி. மாறன் செய்தது தியாகம் என்று படம் சொல்கிறது போலும். அவளுக்காக அவன் முடிவெடுத்தான், அவளைக் கேட்காமல். இரண்டு பேருடைய வாழ்க்கையை ஒருவனே உட்கார்ந்து தீர்மானித்தால் அதற்குப் பெயர் வேறு. படத்தைப் பார்க்காதவள் பேசுகிறேன், தவறாக இருந்தால் திருத்து.

கனவு இல்லை என்று எழுதியதைப் படித்து எனக்குச் சங்கடமாக இல்லை. வளைவில் பனி விலகுவதைப் படித்தபோது அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படித்தேன்.

அம்மாவின் கால் எப்படி? உண்மையை எழுது.

கேத்தரின்


நாயுடுபுரம்
28.5.2025

அன்புள்ள கேத்திக்கு,

சீசன் இது. சோறு திங்க நேரமில்லாம ஓடிக்கிட்டிருக்கேன், அதான் தாமதம். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அம்மா கால் நிஜமாவே தேவலை. மேல் கூரையில ரெண்டு தகடு மாத்தினோம்.

சரி, சொல்லிடுறேன். பேரு புவனா. பழனி அடிவாரத்துல அவங்க அப்பா குழந்தைவேல் பூசை சாமான் கடை வச்சிருக்காரு. இவ இங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். போன வருஷம் ஒரு டூரிஸ்ட் பாறையில வழுக்கிக் காலை ஒடிச்சுக்கிட்டான். தூக்கிட்டுப் போனேன். "பேஷண்டை இப்படியா மூட்டை மாதிரி இறக்குவீங்க?"ன்னு என்னைத் திட்டினா. அப்படித்தான் பழக்கம்.

அவ ஜெர்மன் பாஷை படிக்கிறா. அங்க நர்சுக்கு ஆள் தேவையாம். வேலை முடிச்சு வந்து, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, தொண்டையைக் காறுற மாதிரி என்னமோ சொல்லிப் பார்க்கிறா. பரீட்சை வருது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீயும் எழுதிடாதே. சிஸ்டருக்குத் தெரிஞ்சிருச்சு, என்ன பண்றது.

வெரசாப் போகணும், கோயம்புத்தூர்க்காரங்க காத்திருக்காங்க.

ஸ்டீவன்


நவகன்னியர் இல்லம், தஞ்சாவூர்
15.6.2025

அன்பு அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். மழைக் குறியே இல்லை, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது.

புவனாவை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது. மூட்டை மாதிரி இறக்கியதற்குத் திட்டியவள் சரியான ஆள்தான். பரீட்சைக்கு ஜெபிக்கிறேன் என்று சொல். முருகன் கோயில் பக்கத்துப் பெண்ணுக்கு என் ஜெபம் வேண்டுமா என்று கேட்டுவிட்டே சொல்.

பாஸ் ஆனால் போய்விடுவாளா? நீ?

இன்னொன்று. அந்தப் படத்தைப் பற்றித்தான். மாறன் ஊருக்குத் திரும்பி வந்தான் அல்லவா? வந்த பிறகு என்ன செய்தான்? மறுபடி டிரம் அடித்தானா? போனவன் ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்தால் தெருவில் என்ன பேசினார்கள்? கடைக்குப் போனால் எப்படிப் பார்த்தார்கள்? வீட்டில் அம்மா என்ன சொன்னாள்? அது படத்தில் இருந்தால் விரிவாக எழுது.

சும்மாதான் கேட்கிறேன்.

கேத்தரின்


நாயுடுபுரம்
8.7.2025

அன்புள்ள கேத்திக்கு,

சாரலும் குளிருமா கெடக்கு. எனக்கு லேசாச் சளி, மத்தபடி எல்லாம் சரி.

நீ கேட்டது எதுவும் படத்துல இல்லை. பத்து வருஷம் ஒரே பாட்டுல போயிருதுன்னு எழுதினேனே. அவன் தாடி வளருது, வீட்டுச் சுவருல சுண்ணாம்பு உதிருது, அவ்வளவுதான். தெருவுல பேசுறதைக் காட்டினா யாரு டிக்கெட் எடுப்பா?

புவனா பாஸ் பண்ணிட்டா. ஜெர்மனியில ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குக் கடுதாசி வந்துருச்சு. நவம்பர்ல போகணும். கூட வர்றியான்னு கேட்டா. அங்க பஸ் ஓட்ட ஆள் இல்லாமத் தவிக்கிறாங்களாம், பாஷை படிச்சா எடுத்துக்குவாங்களாம். நான் போகலை. எனக்கு இங்க சோலி கெடக்கு, வண்டி இருக்கு, வீடு இருக்கு. அவ போய் நல்லா இருக்கட்டும்.

நீ இதையெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்காதே. நாங்க எல்லாரும் நல்லாவே இருக்கோம். நீ உன் வழியைப் பாரு. அடுத்த மே மாசம் நீ சிஸ்டரா வார்த்தைப்பாடு குடுக்கிற அன்னிக்கு என்ன சேலை கட்டுறதுன்னு அம்மா இப்பவே தெரு முழுக்கக் கேட்டுக்கிட்டுத் திரியுது. ஃபாதர்கிட்டயும் சொல்லிருச்சு. அதைப் பார்க்கணும், அம்மா முகத்தை.

ஸ்டீவன்


நவகன்னியர் இல்லம், தஞ்சாவூர்
3.8.2025

அன்பு அண்ணனுக்கு,

சளி விட்டதா? நான் நலமே.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். "நான் போகலை" என்று ஒரு வரி. அதற்கு மூன்று காரணம்: சோலி, வண்டி, வீடு. வண்டியை விற்கலாம். வீடு எங்கும் போகாது. நீ எழுதாமல் விட்ட நாலாவது காரணம் அம்மாதானே? மகள் மடத்துக்குப் போய்விட்டாள், மகனும் போனால் அம்மா தனி. அதை எனக்கு எழுதினால் நான் வெள்ளைச் சேலையைக் களைந்துவிட்டு ஓடி வந்துவிடுவேன் என்று பயம். அதனால்தான் அடுத்த வரியிலேயே என் வார்த்தைப்பாட்டையும் அம்மாவின் சேலையையும் எழுதியிருக்கிறாய்.

புவனாவிடம் என்ன சொன்னாய்? உண்மையைச் சொன்னாயா, "சோலி கெடக்கு" என்றாயா? அம்மாவிடம் கேட்டாயா?

மாறனைக் கிறுக்கன் என்றது உன் பக்கத்தில் இருந்தவள்தான் அண்ணா.

நானும் உனக்கு ஒன்று எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் எழுதினால் நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய். ஆகவே இன்று எழுதவில்லை.

உடனே பதில் போடு.

கேத்தரின்


நாயுடுபுரம்
21.9.2025

என் கேத்திக்கு,

அம்மா எழுதுறேன். நான் கடுதாசி எழுதி எத்தனையோ வருசம் ஆச்சு, எழுத்து கோணலா இருந்தாப் பொறுத்துக்க. ஆண்டவர் புண்ணியத்துல நான் கல்லு மாதிரி இருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன் போன மாசம் உனக்கு எழுதலைன்னு தெரியும். உன் கடுதாசியைச் சட்டைப் பையிலேயே வச்சுக்கிட்டுத் திரியுறான். நான் எடுத்துப் படிக்கலை. படிக்காமலே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படின்னு சொல்றேன்.

போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா, வாசல்ல ஒரு பிள்ளை நிக்குது. கையில ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யாப்பழம். "நான் புவனா, அத்தை. உள்ள வரலாமா?"ன்னுச்சு. காப்பி போட்டுக் குடுத்தேன். குடிச்சு முடிச்சுட்டு நேராக் கேட்டுச்சு. "உங்க மகன் ரெண்டு மாசமா என்னைப் போ போன்னு விரட்டுறாரு. சோலி கெடக்குங்கிறாரு. நான் நம்பலை. நோண்டிக் கேட்டதுல, உங்களைத் தனியா விட முடியாதுன்னு நேத்துத்தான் வாயைத் திறந்தாரு. நீங்க தனியா இருக்க மாட்டீங்களா? உங்க வாயால கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" அப்படிங்குது.

கேத்தி, எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அந்தப் பிள்ளை மேல இல்லை. உங்க அப்பா சாகும்போது உனக்குப் பத்து வயசு. உங்க ரெண்டு பேரையும் இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணாச் சுமக்காத குறையா வளர்த்தேன். இருநூறு பிள்ளைகளுக்குத் தினம் பொங்கிப் போடுறேன். அடுத்த மாசத்துல இருந்து அந்தச் சமையல்கட்டுக்கே நான்தான் பொறுப்பு. என்னைக் கொண்டுபோய் நோயாளிக் கட்டில்ல படுக்க வைக்கிறானே இவன்!

அப்புறம் அந்தப் பிள்ளை படத்தைப் பத்திச் சொல்லுச்சு. அதோட போன்லயே போட்டுக் காட்டுச்சு, கொய்யாப்பழம் தின்னுக்கிட்டே ரெண்டு பேரும் பார்த்தோம். நீங்க எல்லாம் எழுதிப் பேசுறீங்களாமே, நானும் என் பங்குக்குச் சொல்றேன். பாட்டு நல்லா இருக்கு. அந்தப் பிள்ளை ஆடுறது கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனா அந்தப் பையனோட அம்மா ரெண்டே சீன்ல வருது. ரெண்டுலயும் இருமுது. அதுக்கு ஒரு பேரு வச்சாங்களா? மகனே ஏன்டா வந்தேன்னு ஒரு வார்த்தை பேச விட்டாங்களா? அதைச் சாக்கா வச்சு எல்லாரும் அழுறாங்க. எனக்கு அழுகை வரலை.

ராத்திரிச் சோத்துக்கு இவன் வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு. "ஏலே, எனக்கு என்ன வேணும்னு என்னைக் கேட்டியா? நான் இருமுறேனாடா?"ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான் போனா கேத்தி வந்துருவாம்மா. அவ ஆசைப்பட்டுப் போனது"ன்னான். அப்பத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது.

அதனால உனக்கும் சொல்றேன். என்னைக் காரணம் காட்டி நீ அங்க இருந்து வரக் கூடாது. என்னைக் காரணம் காட்டி அங்க இருக்கவும் கூடாது. தெரு முழுக்கச் சேலை கேட்டேன்தான். அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை, நான் சேலைப் பைத்தியம்.

அவங்க கல்யாணம் பத்திக் கேப்ப. அவ கோயிலுக்குப் போகட்டும், இவன் சர்ச்சுக்குப் போகட்டும். நான் ஒண்ணும் சொல்லலை. அந்தப் பிள்ளையோட அப்பாதான் மூச்சே விட மாட்டேங்கிறாராம்.

அம்மா,
செல்வமேரி


நவகன்னியர் இல்லம், தஞ்சாவூர்
5.10.2025

அன்பு அம்மாவுக்கும் அண்ணனுக்கும்,

இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். நான் நலமாக இருக்கிறேன். அதை முதலில் நம்புங்கள்.

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு சிஸ்டரிடம் போய், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று சொன்னேன்.

நான் இந்த மடத்தை விட்டு வருகிறேன். என்னை இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். ஜெபம் எனக்குப் பிடிக்கும், தோட்டம் பிடிக்கும். அப்பா இறந்தபோது நம் வீட்டுக்கு வந்து அடுப்பு பற்ற வைத்தவர்கள் கன்னியர்கள்தான். அவர்களைப் போல ஆக வேண்டும் என்று அன்றே ஆசைப்பட்டேன். அந்த ஆசை பொய் இல்லை. ஆனால் இந்த வாழ்க்கையை நாள்தோறும் வாழ்ந்து பார்த்தபோது இது எனக்கு உரியது இல்லை என்று தெரிந்தது. காலையில் எழும்போது தெரியும், இரவு படுக்கும்போது தெரியும். சொல்லத்தான் பயம். திரும்பி வந்தவள் என்று பெயர் வரும், அம்மாவின் முகம் வாடும். அண்ணனிடம் மாறனைப் பற்றிக் கேட்டதெல்லாம் அதற்குத்தான். அந்தப் படத்தில் பதில் இல்லாமல் போனது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

அண்ணா, நான் அம்மாவுக்காக வரவில்லை. வீட்டில் தங்கப் போவதும் இல்லை. திண்டுக்கல்லில் பி.எட். சேர விசாரித்தாகிவிட்டது. அங்கே விடுதியில் இருப்பேன். கணக்கு டீச்சர் ஆக வேண்டும். உனக்காகவும் வரவில்லை. நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். ஆகவே சிஸ்டரிடம் ஒரு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டேன்.

கேத்தரின்

ஸ்டீவன் தம்பிக்கு, இறையாசீர் உங்கள் இல்லத்தில் நிறையட்டும். கேத்தரின் இந்த விஷயத்தை என்னிடம் முதலில் சொன்னது சூன் மாதத் தொடக்கத்தில், பெந்தகோஸ்தே ஞாயிறு அன்று. அப்போது உங்கள் வீட்டுச் செய்தியாக அவளுக்குத் தெரிந்திருந்தது புவனா என்ற பெயரும் அந்தப் பெண் மொழி படிக்கிறாள் என்பதும்தான். அவசரப்பட வேண்டாம், சில மாதங்கள் ஜெபித்துப் பார் என்று நிறுத்தி வைத்தவள் நான். ஆகவே தங்கை உங்களுக்காக எதையும் இழந்தாள் என்று நீங்கள் எண்ண வேண்டாம். உங்கள் கடிதங்களைப் படிக்கும் கடமை எனக்கு இருந்தது. இத்தனை ஆவலோடு படித்தது கடமையில் சேராது, அதற்கு மன்னியுங்கள். அந்தப் படம் எனக்கும் பாதிதான் பிடித்தது.
சிஸ்டர் அடைக்கலமேரி


நாயுடுபுரம்
28.10.2025

அன்புள்ள கேத்திக்கு,

உன் கடுதாசியை அம்மா படிக்க, நான் கேட்டேன். முடிச்சதும் அம்மா அதை மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுச்சு. அப்புறம், "அவ ரூமுல மிளகாய் மூட்டை கெடக்கு, நாளைக்கு அதை எடுத்து வை"ன்னுச்சு. அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் அக்கா வந்துச்சு, "கேத்தி வருதாமே?"ன்னு இழுத்துச்சு. அம்மா, "ஆமா, வருது. காப்பி குடிக்கிறியா?"ன்னுச்சு. நீ கேட்டியே, தெருவுல என்ன பேசுவாங்க, வீட்டுல அம்மா என்ன சொல்லும்னு. இதான்.

நான் பழனிக்குப் போய்ப் புவனாவைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் பேசினோம். நீ வர்ற விஷயத்தைச் சொன்னதும் அவ முகம் சுருங்கிருச்சு. "உங்க தங்கச்சி வர்றதால நீங்க என்கூட வர்றதா இருந்தா, வேண்டாம்"னா. "அவ திண்டுக்கல் போறா. அம்மாவுக்கு நான் வீட்டுல இருந்தாத்தான் இடைஞ்சலாம். எனக்கு உன்கூட இருக்கணும், அதான் வர்றேன்"னேன். "இதை ஜூலையிலேயே சொல்றதுக்கு என்ன?"ன்னு கேட்டா. தப்புதான்னு தலையாட்டினேன். "பாஷையைப் படிங்க. படிச்சு முடிச்சாத்தான் வர முடியும். நான் காத்திருப்பேன்னு பாட்டெல்லாம் பாட மாட்டேன், ஆனா போனை எடுப்பேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா.

அவ அப்பா இன்னும் என்கிட்ட பேசலை. அவ புறப்படுற அன்னிக்கு என் வண்டியிலதான் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அவ அடம் பிடிச்சிருக்கா. அவரும் வருவாரு. முன் சீட்டுல உட்கார்வாரா, பின்னாடி உட்கார்வாரான்னுதான் எனக்கு இப்ப யோசனை.

கிளாசுல சேர்ந்துட்டேன். வாத்தியார் போன்லதான் பாடம் எடுக்குறாரு. என்னையவிடச் சின்னப் பிள்ளைகளாப் படிக்குதுங்க. எனக்கு நாக்கு புரள மாட்டேங்குது. அம்மா சமைச்சுக்கிட்டே கேட்டு, என்னையவிட நல்லாச் சொல்லுது.

எந்த பஸ், எப்பன்னு எழுது. திண்டுக்கல்லுக்கு வண்டி கொண்டு வர்றேன்.

ஸ்டீவன்


நவகன்னியர் இல்லம், தஞ்சாவூர்
16.11.2025

அன்பு அண்ணனுக்கு,

இங்கிருந்து எழுதும் கடைசிக் கடிதம் இது. நான் நலம்.

புவனா நல்லபடி போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நம்புகிறேன். அவள் அப்பா எங்கே உட்கார்ந்தார் என்பதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

என் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அழுவேன், நீயும் அழுவாய், பஸ் விவரம் விட்டுப்போகும்.

நேற்று மற்ற நவகன்னியர் என்னைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். ஒருத்தி மட்டும் பாடாமல் என் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டு முகவரியை எழுதி அவள் கையில் கொடுத்தேன். தோட்டத்தை இன்னொருத்தியிடம் ஒப்படைத்தேன். சிஸ்டர் அடைக்கலமேரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, "நல்ல டீச்சராக இரு. பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடு" என்றார். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். புதுச் சேலை. அவரே கடைக்குப் போய் எடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் இங்கே பஸ் ஏறுகிறேன். திருச்சியில் மாறி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திண்டுக்கல் வந்துவிடுவேன். திருச்சி பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் இரு.

சேலை பச்சை நிறம், மாம்பழக் கலரில் கரை. கூட்டத்தில் வெள்ளையைத் தேடிக்கொண்டு நிற்காதே.

கேத்தரின்